உபவாசத்தில் குடித்த அரை டம்ளர் காபி

என் வாய் பூட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். பாட வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. வலது காதுக்குக் கீழே ஆணி இறங்கியதுபோல் வலித்தது. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, பாடுகிறவள்போல் நின்றேன்.

அதற்கு முன்பே பத்து நாளாகக் கடைவாயில் வலி இருந்தது. கிராம்புத் தைலம் வைத்தேன். உப்பு வெந்நீரில் கொப்பளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பல்வலி என்று படுத்தால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாமோ என்றும் நினைத்தேன். என் சுபாவம் அப்படி. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, குரோம்பேட்டை ஸ்டேஷன் வரை போனவள் ரயிலை விட்டுவிட்டுச் சிட்லபாக்கத்து வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை என் கணவர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, என்னைத் தாம்பரத்தில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கடைசிப் பல் மேலே வர வழியில்லாமல், எலும்புக்குள் குறுக்கே படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. தாடையைப் பூட்டியது அந்தச் சீழ்தான். முதலில் ஊசி போட்டுச் சீழை அடக்கவேண்டும், பிறகு ஆபரேஷன் தியேட்டரில் வைத்துப் பல்லை எடுக்கவேண்டும் என்றார். வாய் இவ்வளவு குறைவாகத் திறப்பதால் மரத்துப்போகும் ஊசி மட்டும் போதாதாம். மயக்க மருந்து கொடுத்தாக வேண்டுமாம்.

மயக்க மருந்து என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, என் தாயார் ஓர் ஆபரேஷனுக்காக ஊரிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலையில் எனக்குத் தலைபின்னி, ரிப்பன் கட்டிவிட்டுத்தான் போனார்கள். நடந்தே போனார்கள். திரும்பி வரவில்லை. "மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது மட்டும் என் காதில் விழுந்தது. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரம் தினமும் பென்சிலின் ஊசி. கஞ்சியை ஸ்பூனால் பல்லிடுக்கில் ஊற்றிக்கொண்டேன். குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுக்க முடியவில்லை. தாலாட்டு முனகலாகத்தான் வந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்களுக்குப் பால் ஊற்றும் முனியம்மா இந்த ஊர்க்காரி. எங்கள் வீடு இருக்கும் மனையில் ஒரு காலத்தில் அவர்கள் நெல் விளைந்ததாம். அவள் ஒருத்திதான் அந்த வாரம் என்னைச் சிரிக்க வைத்தவள்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு பக்கம் பூரி கணக்கா உப்பிக்கீது?" என்றாள்.

ஞானப்பல் என்று டாக்டர் சொன்ன பெயரை அவளிடம் சொன்னேன்.

"ஞானப்பல்லா? அத்தப் புடுங்கினா புத்தி பூடும்னுவாங்க. உனுக்கு இன்னா, ரொம்பவே கீது. கொஞ்சம் போனா நீயும் நிம்மதியா இருப்ப."

ஞானஸ்நானம், ஞானப்பாட்டு என்றெல்லாம் பேசுகிறவர்கள் நாம். ஞானப்பல்லைப் பிடுங்கிப் போடுவது சரியா என்று அன்று பகல் முழுவதும் யோசித்தேன். சிரிக்காதீர்கள். பயந்தவளுக்கு எதுவும் யோசிக்க வேண்டியதாகத்தான் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் குழந்தை தூங்கும்போது, ஒரு தாளை எடுத்து எழுதினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கவும். பால் புட்டியை இரண்டு முறை வெந்நீரில் போடவும். வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர். குப்புறப் படுத்தால்தான் தூங்குவாள். இப்படிப் பதினொரு வரி. எனக்குப் பிறகு என் குழந்தையை வளர்க்கப்போகும் பெண்ணுக்காக எழுதினேன். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. என் கணவர் அப்புறம் கல்யாணம் செய்துகொள்ளும் யாரோ ஒருத்தி. அந்தத் தாளை என் ஜெப நோட்டுக்குள் மடித்து வைத்துவிட்டு முழங்காலில் விழுந்தேன். "கர்த்தாவே, என் பிள்ளையிடம் என்னைத் திரும்ப அனுப்பும். அதுவரை இந்தப் பயத்தை என்னைவிட்டு எடுத்துப் போடும்" என்று அழுதேன். இரண்டு விண்ணப்பங்கள். அந்த வாரம் முழுவதும் இந்த இரண்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

முதல் விண்ணப்பத்துக்கு உத்தரவு வந்தது. இரண்டாவது வரவில்லை. வராததற்காகத்தான் நான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

இங்கே என் கணவரின் மூத்த சகோதரியைப் பற்றிச் சொல்லவேண்டும். நானும் அவர்களை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அவர்கள் சொன்னால் சொன்னதுதான். சங்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். பிற்பகல் மூன்று மணி வரை யாரும் எதுவும் உண்பதில்லை. ஆனால் காபி குடிப்போம். முன்பிருந்த போதகரின் மனைவிக்குக் காபி இல்லாவிட்டால் தலைவலி வருமாம். அவர்கள் காலத்தில் வந்த சலுகை அது. அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். சலுகை தங்கிவிட்டது. எங்கள் கணக்கில் காபி ஆகாரத்தில் சேர்த்தி இல்லை. நான் கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமையே அக்கா எனக்கு இதைச் சொல்லித் தந்தார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் என்னை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதைக் கவனியுங்கள். அக்கா அன்றைய உபவாச ஜெபத்தையே எனக்காக ஏறெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் மலையாளத்து சிஸ்டர் ஒருவர் வந்தார். ரத்தம் எடுத்தார், நாடி பார்த்தார். தலைமாட்டில் இருந்த என் ஜெப நோட்டைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். "நாளைக்கு உங்களுக்கு உபவாசம் ஆக்கும், கேட்டோ? ஆபரேஷன் முடியும் வரை" என்றார். நான் தலையாட்டினேன். உபவாசம் எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு என் கணவர் குழந்தையோடும், அக்கா பிளாஸ்கோடும் வந்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்தேன். கடைசித் தடவையோ என்ற நினைப்பில் அவளைக் கீழே விடவே மனம் வரவில்லை. அக்கா பிளாஸ்கைத் திறந்தார்கள்.

"வெறும் வயித்துல மயங்கி விழுந்துடுவே. கொஞ்சம் குடி. உபவாசத்துக்குக் காபி உண்டே" என்றார்கள்.

முனியம்மாவின் பசும்பால் விட்ட காபி. அந்த வாரத்து ஊசிகளால் வாய் ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. அரை டம்ளரை மெதுவாகக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

எட்டு மணிக்குப் பச்சை அங்கி கொடுத்தார்கள். ஹேர்பின், வளையல், கம்மல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலிச் செயினையும். அதை என் கணவரின் கையில் வைத்தபோது அவர் வேறு பக்கம் பார்த்தார். தள்ளுவண்டியில் என்னைப் படுக்கவைத்து சிஸ்டர் கேட்டார், உபவாசம்தானே என்று. ஆமாம் என்றேன். அவர் அட்டையில் எழுதிக்கொண்டார்.

தியேட்டருக்குள் குளிராக இருந்தது. மேலே பெரிய வட்ட விளக்கு. கையில் ஊசிக்கு நரம்பு தேடினார்கள். நான் கண்ணை மூடி, பயத்தை எடுத்துப் போடும் ஆண்டவரே என்றேன். பயம் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று நடந்தது. அதுவரை என் பயத்துக்கு முகமில்லை. எல்லாவற்றின்மேலும் இருந்தது. அந்த நிமிஷத்தில் அது ஓரிடத்தில் வந்து நின்றது. அந்த அரை டம்ளர் காபியில்.

சிஸ்டர் சொன்ன உபவாசமும் அக்கா சொன்ன உபவாசமும் ஒன்றுதானா?

சே, காபிதானே என்று சொல்லிக்கொண்டேன். டாக்டர்கள் காத்திருக்கிறார்கள். சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். என் கணவருக்கு இன்னொரு லீவு. அக்காதான் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கு எவ்வளவு அவமானம். படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்கள். எப்போதும்போல் இதுவும் அணைந்த அடுப்பாகத்தான் இருக்கும். இப்படி எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பயம் நகரவில்லை. கறுப்பு ரப்பர் முகமூடி என் முகத்துக்குக் கிட்டே வந்தது. அதன் வாடையோடு அந்தப் பதினொரு வரியும் நினைவுக்கு வந்தது. குப்புறப் படுத்தால்தான் தூங்குவாள்.

மயக்க மருந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"காபி" என்றேன்.

வாய் சரியாகத் திறக்காததால் அது குழறலாக வந்தது. சிஸ்டர் குனிந்து கேட்டார். "காபியோ? ஆபரேஷன் கழிஞ்சு தரலாம்" என்று என் தோளைத் தட்டினார். யாரோ சிரித்தார்கள்.

நான் கையை விடவில்லை. "குடிச்சேன். காலையில."

சிரிப்பு நின்றது. டாக்டர் முகமூடியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"எத்தனை மணிக்கும்மா?"

"ஆறு மணிக்கு. அரை டம்ளர்."

"பால் விட்டா?"

"ஆமா."

"உபவாசம்னு சொன்னீங்களாமே?"

"உபவாசம்தான் டாக்டர். எங்க உபவாசத்துல காபி உண்டு."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலே எழும்பி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், தண்ணீரைவிடப் பால் மோசம், நுரையீரலில் போனால் தாங்களும் ஒன்றும் செய்யமுடியாமல் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு எழுந்து, "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம்" என்றார். போகிறபோது திரும்பி, "நீங்க வாயைத் திறந்தது நல்லதும்மா" என்றார்.

பூட்டிக்கொண்ட வாய் அது. யார் திறந்தது என்று எனக்குத் தெரியும்.

தள்ளுவண்டி வெளியே வந்தபோது, அதற்குள் முடிந்துவிட்டதா என்று என் கணவரும் அக்காவும் ஓடி வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருந்த பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் பார்த்து அவர்கள் அழுதது அன்றுதான். "உன்னைக் கொன்னிருப்பேனே" என்றார்கள். "நீங்க கொடுத்தீங்க, நான் குடிச்சேன், ரெண்டு பேருமே தெரியாமத்தானே அக்கா" என்றேன். இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு, நடைபாதை என்றும் பாராமல் ஜெபித்தோம்.

அன்று பகல் வார்டில் படுத்திருந்தபோது எல்லாம் தெளிவானது. பயத்தை எடுத்துப் போடும் என்று ஒரு வாரம் கேட்டேனே. அவர் அதை எடுத்துப் போட்டிருந்தால் நான் சமாதானமாகக் கண்ணை மூடியிருப்பேன், அரை டம்ளர் காபியோடு. பிள்ளையிடம் திரும்ப அனுப்பும் என்ற முதல் விண்ணப்பத்தைக் கேட்பதற்காகவே அவர் இரண்டாவதைக் கேட்காமல் விட்டார். சின்ன வயது முதல் குறை என்று நான் வெட்கப்பட்ட சுபாவம் இது. அன்று ஒரு நாளுக்காகவே அதை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாரோ! என் தாயாருக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்று முதன்முறையாக அவர்களை நினைத்து நடுங்காமல் அழுதேன்.

சனிக்கிழமை என் கட்டிலுக்குக் காவல் அக்காதான். தண்ணீர்கூடத் தரக்கூடாது என்று சிஸ்டரிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். வார்டு ஆயா தூக்குச் சட்டியோடு வந்தால் கட்டிலுக்குக் குறுக்கே எழுந்து நின்றார்கள். தாங்களும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை, காபி உட்பட. தலைவலியில் கண்ணெல்லாம் சிவந்து, நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "இதுதாண்டி முதல் உபவாசம் எனக்கு" என்றார்கள்.

ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டிருக்கும் சகோதரிகளுக்காக, நடந்ததை அப்படியே சொல்கிறேன். கையில் ஓர் ஊசி. தொண்டையில் பூண்டு வாசனை மாதிரி ஏதோ வந்தது. நான் ஸ்தோத்திரம் என்று சொல்லத் தொடங்கினேன், முடித்தேனா என்று தெரியாது. அடுத்த நிமிஷம் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்த நிமிஷம் என்று எனக்குத்தான் தோன்றியது. வெளியே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் கண்ணைத் திறந்தேன். எழுந்துவிட்டேன்! என் தாயார் எழாத தூக்கத்திலிருந்து நான் எழுந்துவிட்டேன்.

வாயில் மடித்த துணி வைத்திருந்தார்கள். அதைக் கடித்துக்கொண்டே இருக்கவேண்டும். உப்புக் கரிக்கும். இரண்டு முறை குமட்டியது. ரத்தத்தை அடிக்கடி துப்பாதீர்கள், துப்பினால் நிற்காது. முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்பு நீர். கன்னம் மூன்றாம் நாள்வரை வீங்கிக்கொண்டே போகும், பயப்படவேண்டாம், பிறகு தானாக வடியும். என் கணவர் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, குழைந்த சோறு. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள், எறும்புக் கடி அளவுதான். கீழுதடு மட்டும் இரண்டு வாரம் மரத்துக் கிடந்தது. குழந்தைக்கு ஒரு நாள் புட்டிப்பால், அதன் பிறகு நானே கொடுத்தேன். சிஸ்டர் அந்தப் பல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வேர் தூண்டில் முள்போல வளைந்திருந்தது.

திங்கட்கிழமை வீடு திரும்பினேன். முதல் வேலையாக ஜெப நோட்டுக்குள் இருந்த தாளைக் கிழிக்க எடுத்தேன். பதினோராவது வரிக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒரு வரி இருந்தது. பென்சிலால், என் கணவரின் கையெழுத்தில். வியாழக்கிழமை எனக்கு நோட்டை எடுத்து வந்தபோது பார்த்திருக்கிறார்.

"இதெல்லாம் அவள் அம்மாவுக்குத் தெரியும். அவள் வந்து பார்த்துக்கொள்வாள்."

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. முனியம்மா குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். டிங் என்று ஒரு சத்தம். அவள் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். கீழ் ஈறில் அரிசி முனைபோல ஒரு வெள்ளை.

"பாரும்மா, உங்கிட்ட ஒண்ணு புடுங்கி, அதுக்கு வெச்சிட்டாரு உங்க சாமி" என்றாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அக்கா சங்கத்தில் எழுந்து நின்று, "காபி கொடுத்தது நான்தான்" என்று எல்லோர் முன்பும் சொன்னார்கள். அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். எழுதச் சொன்னதும் அவர்கள்தான். காபி உண்டா இல்லையா என்று சங்கத்தில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற யாராக இருந்தாலும் அக்கா வீடு தேடிப்போய், "அங்கே உபவாசம்னா காபியும் இல்லை" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள்.

நான் இன்றும் பயப்படுகிறவள்தான். ஆனால் முன்பெல்லாம் பயம் வந்தால் அதை மறைப்பேன். இப்போது, இதில் எனக்கு என்ன சொல்ல வருகிறீர் ஆண்டவரே என்று கேட்கிறேன். பல சமயம் அணைந்த அடுப்புதான். இருக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பிரியமான சகோதரிகளே, உங்களில் யாராவது நாளைக்கு ஒரு தள்ளுவண்டியில் படுக்கவேண்டியிருக்கலாம். கேட்டது கிடைக்கவில்லையே, இன்னும் பயமாக இருக்கிறதே, விசுவாசம் போதவில்லையோ என்று கலங்காதீர்கள். அவர் உங்கள் ஜெபத்தைக் கேட்டுவிட்டார். உங்களை வீடு சேர்க்கிற வழியும் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து எழுபது வீடு தள்ளி இருக்கும் ஏரிக்கரையில் நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டவர்கள் அதை அறிவார்கள். முழங்காலிட்டு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். எழுந்து போய், காபி குடித்திருந்தால் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.